நாஸ்தோவின் பலகை

நாஸ்தோ இறந்த மறுநாள் காலையில் அவள் வீட்டில் கதிர் உலர்த்துகிற கொட்டகைக்குள்ளிருந்து மரம் இழைக்கும் சத்தம் கேட்டது. நானும் அவள் அம்மா பலாகாவும் பெண்ணைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை உடுத்தி, சாமி படங்கள் இருக்கும் மூலைக்குக் கீழே பெஞ்சில் கிடத்திவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தோம். நான் பக்கத்து வீட்டுக்காரி, மர்ப்பா. அந்தப் பெண் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவளும் நான்தான்.

கோடாலிச் சத்தமாக இருந்திருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டோம். சவப்பெட்டி செய்தாக வேண்டுமே. இது வேறு சத்தம். வளைந்த கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, பலகையை மெல்ல மெல்லச் சீவுகிற சத்தம். கொஞ்ச நேரம் சீவல், பிறகு ஓர் அமைதி, பிறகு விரல் முட்டியால் இரண்டு தட்டு. மறுபடி சீவல். அந்தத் தட்டு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாஸ்தோவின் அப்பா ஒந்திரேய் கந்தெலே செய்யும்போது அப்படித்தான் தட்டித் தட்டிக் காது கொடுப்பார்.

மடியில் கிடத்தி விரலால் மீட்டுகிற அந்தச் சின்னத் தந்திப்பெட்டியைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வீட்டில் பிணம் கிடக்கும்போது, அடக்கத்துக்கு முன்னால் செதுக்கி முடித்த கந்தெலேக்குத்தான் கேட்பவர் நெஞ்சை அறுக்கிற குரல் வருமாம். நான் அதை நம்பியதில்லை. ஒரு மரத்துக்குக் குரல் கொடுக்க ஆண்டவர் ஒரு பிள்ளையின் உயிரைக் கேட்கிறவர் அல்ல. ஆனால் ஊர் நம்பியது. பலாகாவும் நம்பினாள்.

அவள் எழுந்தாள். நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு முற்றத்துக்குப் போய், கொட்டகையின் மூடிய கதவுக்கு முன் நின்றாள்.

"நல்லா செதுக்கு. பொண்ணு இன்னும் உள்ளதான் படுத்திருக்கா, அவசரமில்ல. அழுகையெல்லாம் அந்த மரத்துக்குள்ள போகட்டும். சந்தையில நல்லா பேசுவாங்க."

உள்ளே சீவல் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி கத்தி ஓடத் தொடங்கியது. ஆனால் அதன்பின் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

அவள் திரும்பி வந்து பெண்ணின் காலடியில் உட்கார்ந்தாள். "கேட்டியாக்கா? ஒரு வார்த்தை பேசினானா பாரு" என்றாள்.

"ஆம்பளைங்களுக்கு அழ ஒரு இடம் கெடையாதுடி. என்ன செய்யறான்னு முழுசாத் தெரியாம வாய விடாத" என்றேன்.

"தெரியாம என்ன. காது இருக்கே."

நாஸ்தோவுக்குக் கந்தெலே என்றால் உயிர். அப்பாவின் பழையதை எடுத்து எந்நேரமும் மீட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கென்று ஒன்று செய்வதாக ஒந்திரேய் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். பிர்ச் மரத்தில் அடிப்பெட்டியைக் குடைந்தும் வைத்துவிட்டார். மேலே மூடுகிற பலகைதான் பாக்கி. கந்தெலேக்குக் குரல் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. அதற்காகச் சதுப்பின் ஓரத்தில் நின்ற ஒரு பைன் மரத்தை அப்பாவும் மகளும் சேர்ந்து தேடிப்பிடித்தார்கள். நல்ல மண்ணில் வளர்ந்த மரம் வேகமாகப் பருக்கும், வளையங்கள் அகலமாக இருக்கும், பலகை மந்தமாகப் பேசும். சதுப்போரத்து மரமோ பட்டினி கிடந்து வளர்ந்தது. வளையங்கள் தலைமயிர்போல நெருங்கி இருக்கும். அதை ரம்பத்தால் அறுக்காமல், ஆப்பு வைத்துப் பிளந்து, இரண்டு நீளப் பலகைகளாகக் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டார். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ரை தானியக் கதிர் உலர்த்த அடுப்பு மூட்டும்போது புகையும் சூடும் அவற்றில் ஏறும். நாஸ்தோ ஏணி வைத்து ஏறி, தட்டி, காது வைத்துக் கேட்பாள்.

"காஞ்சிடுச்சுப்பா."

"இன்னும் ஒரு குளிர்காலம் போகட்டும்."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. நான் பல்லு போன கிழவியானப்புறம் குடுப்ப போல."

அப்படியே பல குளிர்காலங்கள் போயின. அந்தக் கோடையில் மாட்டுக்குப் புல் அறுத்து உலர்த்தும் நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் இறங்கியது. மருத்துவரை அழைக்கச் சோர்தவலா பட்டணத்துக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இனி பலாகாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஊரின் ஒப்பாரிக்காரி. செத்தவர்களுக்கு நம்முடைய சாதாரணப் பேச்சு புரியாது, ஒப்பாரியின் பேச்சுதான் புரியும் என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லி வந்தது. ஒப்பாரி கேட்டால்தான் முன்னால் போனவர்கள் எழுந்து வந்து புதிதாக வருகிறவரை வாசலில் எதிர்கொள்வார்களாம். பாதிரியாருக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் அந்த நேரத்தில் தூபக்கலசத்தில் கரி அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாரே தவிரத் தடுக்க மாட்டார். ஊரில் யார் இறந்தாலும் பலாகாவைத்தான் கூப்பிடுவார்கள். இறந்தவர் பெயரைச் சொல்லாமல், மகள் என்றோ தாய் என்றோ சொல்லாமல், வேறு வேறு சொற்களால் சுற்றிச் சுற்றி அழைத்து அவள் அழுவதைக் கேட்டால் கல்லும் அசையும்.

மூன்றாம் நாள் அடக்கம். பெட்டியின்மேல் லினன் துணி போர்த்தியிருந்தது. கல்லறைத் தோப்பில் பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்தார். பெட்டியை இறக்கினார்கள். துணியை உருவவில்லை. முதல் பிடி மண்ணைத் தாய்தான் போட வேண்டும், போட்டதும் ஒப்பாரி தொடங்க வேண்டும். பலாகா மண்ணை எடுத்துப் போட்டாள்.

சவப்பெட்டியில் மண் விழும் சத்தத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தொப்பென்று விழும், அவ்வளவுதான். அன்று அப்படி இல்லை. கந்தெலேயின் தடித்த தந்தியை யாரோ அழுத்தித் தட்டியதுபோல ஓர் ஒலி எழுந்து, குழிக்குள் சுற்றி, சிறிது நேரம் நின்றது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பலாகா வாயைத் திறந்தபடி நின்றாள். குரல் வரவில்லை.

எவ்வளவு நேரம் காத்திருந்தோமோ. கடைசியில் என் புருஷன் ஹுவோதரி மெல்ல மண்வெட்டியை எடுத்தார்.

அன்றைக்குப் பிறகு பலாகா பேசினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், ரொட்டி சுட்டாள். ஒப்பாரி மட்டும் வரவில்லை. தினமும் காலையில் கல்லறைக்குப் போய் நிற்பாள். வெறும் வாயோடு திரும்பி வருவாள். ஜன்னலுக்கு வெளியே பூவேலைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பது நாள் அந்த ஆத்துமா வீட்டைச் சுற்றி இருக்கும், துண்டில் முகம் துடைத்துக்கொள்ளும், நாற்பதாம் நாள் புறப்பட்டுப் போகும். அதற்குள் அவள் அழ வேண்டும்.

"பக்கத்து ஊர்க்காரிய கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

"பெத்தவ உசுரோட இருக்கையில இன்னொருத்தி அழுதா, அங்க இருக்கறவங்க என்ன நெனைப்பாங்க? இவளுக்கு அம்மா இல்ல போலன்னுதானே? வழி தெரியாம நிக்கும்க்கா எம்புள்ள."

"ஆண்டவருக்கு வழி தெரியும், பலாகா."

"ஆண்டவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியணுமே."

அவளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

கணவனோடு அவள் பேசவில்லை. ஒந்திரேய் பகல் முழுவதும் ஏரிக்கரையில் வலையோடு இருந்தார். சாப்பாட்டை அவள் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். இருந்தும் அவருடைய ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தை வெட்டி அவர் பக்கமாகவே வைப்பாள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் அவள் கேட்காமலே குளியல் கொட்டகைக்கு விறகு பிளந்து அடுக்கிவைப்பார். இப்படிச் சின்னதாக ஏதாவது மிஞ்சியிருந்தால் போதும், ஆண்டவர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார் என்று நான் நம்புகிறவள்.

ரை அறுவடை வந்தது. நாற்பதாம் நாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, கதிரை உலர்த்த நானும் ஹுவோதரியும் அவர்களுக்கு உதவப் போனோம். அடக்கத்துக்குப் பிறகு பலாகா அந்தக் கொட்டகைக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. உள்ளே போனதும் மேலே பார்த்தாள். உத்தரத்தில் இரண்டு கயிறுகள் மட்டும் தொங்கின.

"ரெண்டு பலகையையும் காணோம். செஞ்சு வித்துட்டான்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

மூலையில் சாக்குக்கு அடியில் ஏதோ தெரிந்தது. இழுத்தாள். பிர்ச் மரத்தில் குடைந்த அடிப்பெட்டி. மேலே மூடி இல்லை. உள்ளே தூசி படிந்து, ஓர் எலி பஞ்சு சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. புதிதாகக் கத்தி பட்ட தடம் எங்கேயும் இல்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு அவன் என்னத்த செதுக்கினான்?"

கதிர்க்கட்டைத் தோளில் சுமந்தபடி ஹுவோதரி வாசலில் நின்றிருந்தார். என் புருஷனுக்கு வாய் நிற்காது. அடக்கத்திலும் யாரையாவது கிண்டல் செய்துவிட்டு என்னிடம் இடி வாங்குகிறவர். அன்று கட்டை இறக்கி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

"பலாகா, சவப்பெட்டி மூடிக்கு முளை அடிச்சது நான்தான். சுத்தியல் பட்டதுமே கையில தெரிஞ்சுபோச்சு. நாப்பது வருஷமா மரத்தோட கெடக்கறேன், அப்படி ஒரு பலகைய அடிச்சதில்ல. அவன் என்னப் பாத்தான். வாய மூடிக்கிட்டேன். என் வாழ்க்கையிலயே அந்த ஒரு தடவதான்."

பலாகாவின் கையில் அந்தப் பெட்டி இருந்தது. அப்படியே ஏரிக்கரைக்கு நடந்தாள். அவள் நடந்த விதத்தைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன்.

ஒந்திரேய் கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். அவள் போய் எதிரே நின்றாள். அவர் பெட்டியைப் பார்த்தார், முடிச்சை விட்டுவிட்டார்.

"நீ ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?"

"அது கந்தெலே பலகைன்னு. நான் கதவுக்கு முன்னால நின்னு அவ்வளவு பேசினேனே."

"நீயும் பெத்தவதானே. பேசிட்டுப் போன்னு விட்டேன்." வலையை ஒதுக்கிவைத்துச் சொன்னார்: "வீட்டுல இருந்த மத்த பலகையெல்லாம் வசந்தகாலத்துல அறுத்தது. ஈரம். ஒரு குளிர்காலத்துல முறுக்கிக்கும், இடுக்கு விடும். தண்ணி எறங்கும். பரண்ல இருக்கறது நம்ம சாவுக்கு வெச்சது, அதுல புள்ளய மூட மனசு வரல. மத்தபடி காஞ்சது அது ரெண்டுதான்."

"பின்ன எதுக்குத் தட்டின? சவப்பெட்டிய யாராவது தட்டிப் பாப்பாங்களா?"

"கை பழக்கம். நான் தட்டறேன்னே எனக்குத் தெரியல. நீ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது."

அவள் படகின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏரி அசையாமல் கிடந்தது.

"ஒரு சாண் மிச்சம் வெச்சிருக்கலாமே. அவளுக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்கலாமே."

"வெட்டப்போனேன். கோடுகூடப் போட்டேன்." அவர் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார். "வெட்டினா மூடி குட்டையாயிடும். காலு தெரியும். அவ பலகை அது. எத்தன வருஷமா கேட்டா. காஞ்சிடுச்சுப்பா காஞ்சிடுச்சுப்பான்னு. முழுசா குடுத்துட்டேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பியபோது அவர் மட்டும்தான் அழுதுகொண்டிருந்தார். அவள் கண்கள் வறண்டே இருந்தன.

அன்று மாலையே பலாகா பரணில் ஏறித் தன்னுடைய பலகைகளில் ஒன்றை இறக்கினாள். எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்கள் தங்கள் சவப்பெட்டிக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிடுவது வழக்கம். கடைசி நேரத்தில் பிள்ளைகள் அலையக் கூடாது. அதை இழுத்துவந்து கணவனின் முன்னால் போட்டாள்.

"இதுல மூடி போடு."

அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது உனக்கு."

"நான் சாகறதுக்குள்ள நாலு மரம் காயும். காயாட்டி ஈரத்துலயே படுத்துக்கறேன். உன் பக்கத்துல படுத்தே பழகியாச்சு, கூரை ஒழுகற வீட்டுல."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு பலகையை ஒரு தட்டுத் தட்டினார்.

"வயல் ஓரத்து மரம். வளையம் அகலம். நடுவுல கணு வேற. இதுக்குக் குரல் இருக்காது, பலாகா. அதோட, அடக்கமும் ஆயிடுச்சு. அடக்கத்துக்கப்புறம் செஞ்சா பேசாதுங்கறாங்க."

"பேசாட்டிப் போகட்டும். எனக்கும்தான் பேச்சு வரல. அவ கேட்டது, செய்."

தந்தி எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. நாஸ்தோவின் துணிப்பெட்டியில், அடியில், பிர்ச் பட்டையில் சுற்றிய பித்தளைக் கம்பி இருந்தது. ஊர் ஊராக வரும் சுமைவியாபாரி எஃகுக் கம்பியைத்தான் புகழ்ந்தானாம். இவள்தான், எஃகு கூவும், பித்தளைதான் பேசும் என்று சொல்லி, காட்டில் லிங்கன் என்கிற சிவப்புப் பழம் பறித்து விற்ற காசில் இதை வாங்கி வைத்திருந்தாள். அந்தச் சுருளைப் பலாகா வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள்.

கொட்டகையில் மறுபடியும் சீவலும் தட்டலும் கேட்டன. இந்த முறை பலாகா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கணுவுள்ள இடத்தில் பலகையைத் தடிமனாக விட்டு, ஓரங்களை மட்டும் மெலிதாக்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் முகம் சுருங்கியது. தந்தியை முனையில் உள்ள இரும்புக்கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டினார். எங்கள் கந்தெலேயின் ஒலி நேராகப் போகாமல், அழப்போகிறவர் குரல்போல நடுங்குவது அந்த முடிச்சினால்தான். முடித்ததும் மடியில் வைத்து மீட்டினார். சத்தம் வந்தது. ஆனால் கம்பளிக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல இருந்தது. கணுவின் மேலாக ஓடிய தந்தி வெறுமனே தட்டென்றது.

"சொன்னேனே" என்றார்.

பலாகா அதைத் துணியால் துடைத்து வீட்டுக்குள் எடுத்துப்போனாள்.

நாற்பதாம் நாள். காலை ஜெபம் முடிந்து மேஜை போட்டிருந்தது: மீன் அடை, ரொட்டி, தேன் கலந்த கோதுமை, கடைசியில் குடிக்கிற ஓட்ஸ் கஞ்சி. சாமி படங்களின் மூலைக்கு அருகில் நாஸ்தோவின் இடத்தில் ஒரு வட்டிலும் கரண்டியும் வைத்து, இருக்கையைக் காலியாக விட்டிருந்தோம். சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் பலாகாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நின்றாள், வாயைத் திறந்தாள், மூடினாள். சாயங்காலத்துக்குள் ஆத்துமா புறப்பட வேண்டும். ஹுவோதரிகூட ரொட்டித் துணுக்கை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தார்.

பலாகா கந்தெலேயை எடுத்துவந்து கணவனிடம் நீட்டினாள். அவர் அதை மடியில் வைக்கப்போனார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்துபோய் நாஸ்தோவின் இடத்தில், அவள் வட்டிலுக்குப் பக்கத்தில், மேஜைமேல் வைத்தார். நின்றபடியே ஒரு தந்தியைத் தொட்டார்.

வீட்டின் குரல் மாறியது.

அது பழைய மேஜை. ஒந்திரேயின் தாத்தா காலத்துப் பைன். அடுப்புச் சூட்டில் காய்ந்து, சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுத்தது. நாஸ்தோ சிறுமியாக ஸ்டூலில் ஏறி நின்று அதன்மேல்தான் மாவு பிசைவாள். கந்தெலேயின் சின்ன வயிற்றுக்கு எட்டாததை மேஜை வாங்கிக்கொண்டது. ஒலி பலகை முழுவதும் ஓடியது. காலி வட்டிலில் கிடந்த கரண்டி மெல்ல அதிர்ந்தது. அவர் மூன்று சுரங்களைத் திரும்பத் திரும்ப மீட்டினார். கணுவின்மேல் ஓடிய தந்தி அப்போதும் தட்டென்றுதான் சொன்னது. கதவைத் தட்டுகிற மாதிரி.

பலாகா இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். கைவழியாக ஏறியது அவள் தோளுக்குப் போவதை நான் பார்த்தேன். தலை குனிந்தது. முதலில் ஒரு மூச்சு மட்டும் வந்தது. பிறகு, கரகரத்து, அவள் குரலா என்று சந்தேகப்படும்படி:

"நான் சுமந்த சின்ன வெள்ளிக் குருவியே, மேல ஏறிப்போற வழியில இருட்டாயிருந்தா பயப்படாத. உன்னத் தோள்ல தூக்கினவரு உனக்குப் பாடுற கூரை வேய்ஞ்சிருக்காரு. மழை பெய்யறப்ப கேளு, பனி விழறப்ப கேளு. நான் தெரியாம எறிஞ்ச வார்த்தையெல்லாம் அந்தக் கூரைமேலேருந்து வழிஞ்சு போகட்டும்..."

ஒப்பாரியில் அப்பா என்று சொல்வதில்லை. அவரைத்தான் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒந்திரேயின் விரல் தடுமாறியது. நிறுத்தவில்லை. அவள் மூச்சு வாங்கும் இடங்களில் அவர் தந்தி நின்று காத்திருந்தது. அவள் தொடங்கியதும் அதுவும் தொடங்கியது. பெண்கள் அழுதார்கள். ஹுவோதரி எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அது நீண்ட ஒப்பாரி. முன்னால் போன ஒவ்வொருவரையும் அவள் கூப்பிட்டாள், எழுந்துவந்து குழந்தையைக் கைப்பிடிக்கச் சொன்னாள். அப்படி ஒரு ஒப்பாரியால்தான் ஆத்துமா கரை சேருமா, எனக்குத் தெரியாது. அந்தப் பெண் முதல் நாளே ஆண்டவரின் மடிக்குப் போயிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு பேர் அன்று ஒரே மேஜையில் சேர்ந்து அழுதார்கள். அதையும் அவர்தான் கொடுத்தார்.

முடிந்ததும் நான் ஜன்னல் துண்டை அவிழ்த்துப் பலாகாவிடம் கொடுத்தேன். ஆத்துமாவைச் சாலை திரும்பும் இடம்வரை கொண்டுபோய் விட வேண்டும். அவள் துண்டைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள். ஒந்திரேய் கந்தெலேயை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். முற்றத்துச் சரிவில் அவள் கால் சறுக்கியது. அவர் முழங்கையைப் பிடித்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மழை தூறத் தொடங்கியிருந்தது. சாலை திரும்பும் இடத்தில் இருவரும் நின்றார்கள். அங்கிருந்து கல்லறைத் தோப்பின் மரங்கள் தெரியும். வெகுநேரம் அப்படியே நின்று, அந்தப் பக்கமாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.